திராட்சை அறுவடையில் வினிகர் கொண்டுபோனவள்

சான் டெஃபெந்தே,
சனிக்கிழமை பிற்பகல்.

அன்பிலும் கோபத்திலும் எனக்கு எப்போதும் மூத்தவளான டெல்ஃபினா அக்காவுக்கு, தங்கை கிளேலியா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நான் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். நீ சுகம் என்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் உட்கார்ந்திருப்பது உன் வீட்டுக்கு நேர் எதிர்மலையில், இரீதே என்ற பெண்மணி நடத்தும் காப்பிக் கடையில், ஜன்னலோரம். உன் கொடியில் விருந்துக்கான பெரிய மேசைவிரிப்பு காய்கிறது, பக்கத்தில் ஒரெஸ்தே அத்தானின் சட்டைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. சற்றுமுன் நீ வெளியே வந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்துச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாய். யாரைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். நான் வரவில்லை அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் என்ன என்பாய். உங்கள் வீட்டில் மணி அடித்தால் எடுப்பது அத்தான். மேலும் என் கைபேசி வினிகரில் ஊறிச் செத்துவிட்டது. அது எப்படி என்பதும் இதில் வரும்.

உனக்குத் தெரிந்த பகுதியையும் சேர்த்தே எழுதுகிறேன். யார் எதில் எவ்வளவு குற்றவாளி என்று பிறகு சண்டை வரும்போது எழுத்தில் இருப்பது நல்லது. உன் கல்யாணத்துக்கு உன் மாமியார் எர்மெலிந்தா அம்மாள் உனக்குச் செய்த சீர் நகை அல்ல, கம்பளி அல்ல. அவர் வீட்டு வினிகர்த் தாயில் ஒரு துண்டு. ஈரல் மாதிரி வழவழவென்று ஜாடிக்குள் மிதக்கும் அந்த ஜந்துவின் மேல் மிச்சம்மீதி ஒயினை ஊற்றிக்கொண்டே இருந்தால், அது பாட்டுக்கு வினிகராக்கித் தந்துகொண்டே இருக்கும். பட்டினி போட்டால் வாடும், இறுக்கி மூடினால் மூச்சு முட்டும். போன குளிர்காலத்தில் நீ அதை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு மறந்தாய். அது காய்ந்து செருப்புத் தோலாகிப் போய்ச்சேர்ந்தது. இது உன் பங்கு. உன் மாமியாரோ வருடம் தவறாமல் அறுவடை ஞாயிறு விருந்துக்கு வருகிறார். கோட்டைக் கழற்றிக் கொடுப்பார், தொப்பியைக் கழற்றிக் கொடுப்பார், அந்தக் கறுப்புக் கைப்பையை மட்டும் கொடுக்கமாட்டார். பையோடு மாடி ஏறி, ஜாடியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு பார்வை பார்த்து, “ம்” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு இறங்கி வருவார். அந்த ஒரு “ம்”முக்காக நீ ஒவ்வொரு செப்டம்பரிலும் எத்தனை தூக்கத்தைத் தொலைத்திருக்கிறாய் என்று உன்னோடு பிறந்த எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு நாளைக்கு வருகிறது.

நான் டூரினுக்குக் குடிபோனபோது நீ உன் ஜாடியிலிருந்து கிள்ளிக் கொடுத்த துண்டு என் சமையலறை அலமாரியில், நான் கவனிக்காமல் விட்ட ஒரே காரணத்தால், செழித்துக் கிடந்தது. உன் ஜாடியின் வம்சத்தில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். ஈஸ்டர் அன்று நாம் இருவரும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது நீ குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என் காதில் சொன்னாய்.

“கிளேலியா, உன்கிட்ட இருக்கறதுல பாதியைக் கொண்டுவந்து குடுத்துடு. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. இவருக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரி.”

நான் சரி என்றேன். பிறகு தேர்வு வந்தது, விடைத்தாள் வந்தது, இந்தக் கோடையில் அது வழியிலேயே வெந்துவிடும் என்ற நல்ல சாக்கும் வந்தது. இப்படியாக நான் ஒரு வினிகர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு மலையேறத் தேர்ந்தெடுத்த நேரம், ஒவ்வொரு வீட்டிலும் புது ஒயின் திறந்த தொட்டியில் பொங்கிக்கொண்டிருக்கும் அறுவடை நேரம். இது என் பங்கு. ஒயின் செய்கிறவன் வீட்டுக்கு நானும் அக்காவைக் கொடுத்தவள்தான், வருடா வருடம் உங்கள் நிலவறையில் நின்று தலையாட்டிக் குடித்தவள்தான். வினிகரும் புது ஒயினும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதால்தான் உன் ஜாடி மாடியிலும் அத்தானின் தொட்டி நிலவறையிலும் இருக்கின்றன என்று ஒருநாளாவது எனக்குத் தோன்றியதா என்றால், இல்லை. இடவசதி என்று நினைத்திருந்தேன்.

எப்படிக் கொண்டுவருவது என்பது அடுத்த கேள்வி. அத்தான் ஆஸ்டி ரயில் நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். பேருந்தில் வரலாம் என்றால் அது நிற்பது இந்த சான் டெஃபெந்தேயில், எர்மெலிந்தா அம்மாளின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செப்டம்பரில் இந்த மலைகளில் வெளியூர்க்காரர்கள் சைக்கிளில் மொய்க்கிறார்கள். கலர் கலராக உடுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒயினைக் குடிப்பதும் மூச்சு வாங்குவதுமாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும் வந்தால் என்னை யார் கவனிக்கப்போகிறார்கள்? போதாக்குறைக்கு ஈஸ்டர் மேசையில் வைத்து அத்தான் எல்லார் முன்னாலும் சொன்னதும் எனக்குள் கிடந்தது. “சைக்கிளா? நீயா? எங்க மாடிப்படி ஏறவே நடுவுல ஒரு தடவை உக்காருவியே.” வாசல்வரை மிதித்துக்கொண்டே வந்து இறங்குவேன் என்று நான் அன்று சவால் விட்டதும், நீ மேசைக்கடியில் என் காலை மிதித்ததும் நினைவிருக்கும்.

சைக்கிள் என் பக்கத்து அறைப் பேராசிரியர் டன்கிரேடியுடையது. குழந்தையை முதல்நாள் பள்ளியில் விடுகிறவர் போல அதன் கைப்பிடியை விடாமல் நின்றார்.

“கியர் மாத்தத் தெரியுமா?”

“டன்கிரேடி, சாய்தளத்துல விசை எப்படிப் பிரியும்னு வருஷா வருஷம் பாடம் நடத்தறவ நான்.”

“அது எனக்குத் தெரியும். கியர் மாத்தத் தெரியுமா?”

தெரியும் என்று சொன்னேன். சொன்னதற்குத் தண்டனையாக இந்த மாவட்டத்தின் எல்லா ஏற்றங்களையும் கடைசிவரை ஒரே கியரில் சந்தித்தேன். உட்புறம் மெத்தை தைத்த காற்சட்டை, மஞ்சள் பனியன், தலையில் பாதித் தர்பூசணி மாதிரி ஒரு தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது ஐம்பதை நெருங்கும் இயற்பியல் பேராசிரியை தெரியவில்லை, அவசரமாகக் கட்டிய பார்சல் ஒன்று தெரிந்தது. மாறுவேடம் பலித்துவிட்டது என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

நீ பாதி கேட்டிருந்தாய். நான் ஜாடியையே தூக்கிக்கொண்டேன், கழுத்துவரை ஒயின் ஊற்றி நிரப்பி. கொடுக்கிறதைத் தாராளமாகக் கொடுப்போமே என்ற பெருந்தன்மை. அதற்கு மூச்சு வேண்டும் என்பதால் மூடி போடாமல், வாயில் துணியைக் கட்டி ரப்பர் வளையம் போட்டு, பின் கேரியரில் நிறுத்திக் கட்டினேன். ஏற்றத்தில் அது பின்னால் சிந்தி சக்கரத்தை நனைத்தது, இறக்கத்தில் முன்னால் சிந்தி என்னை நனைத்தது. இருக்கைக்குக் கீழே தொங்கிய பையில்தான் என் கைபேசி இருந்தது. சாய்ந்த பாத்திரத்தில் திரவம் எப்படி நடந்துகொள்ளும் என்பது முதலாண்டு மாணவர்களின் முதல் வாரப் பாடம். ஆஸ்டியைத் தாண்டி முதல் திராட்சைத் தோட்டம் வந்ததும், பழத்தில் மொய்க்கும் அந்தப் பொடிப்பொடி ஈக்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வரத் தொடங்கின. ஒரு மேகம் போல வந்தன. நான் நின்றால் நின்றன, நான் நடந்தால் நடந்தன.

ஆம், நடந்தேன். முதல் மலையின் பாதியிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து, ஓய்வுபெற்ற பொறியாளர்கள் மாதிரி இருந்த ஒரு கிழவர் கூட்டம், ஒல்லிக் கால்களும் இறுக்கமான சட்டைகளுமாக, பேசிக்கொண்டே ஏறி வந்தது. ஏற்றத்தில் பேச முடிகிறவர்களை நான் வெறுக்கிறேன்.

“என்ன அம்மணி, சைக்கிளைக் காத்தாட நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“விடுப்பா, அதுக்கு உடம்பு சரியில்லயோ என்னவோ. ஏறச் சொல்லாதே.”

கடைசியாக வந்தவர் மூக்கைச் சுருக்கினார். “சாலட் ரெடி. இலைய மட்டும் காணோம்.”

அவர்கள் சிரிப்பு அடுத்த வளைவுவரை கேட்டது. எனக்கு வருத்தமில்லை. வினிகர் என்று கண்டுபிடித்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையே என்று உள்ளூர நிம்மதிதான். அவர்கள் யாரும் ஒயின் செய்கிறவர்கள் அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நேற்று மதியம் ஒரு பண்ணை வாசலில் தண்ணீர் கேட்டு நின்றேன். பியெரினோ, மாட்டில்டே என்று ஒரு தம்பதி. பழம் பறித்துவிட்டு ஆட்களோடு முற்றத்து மேசையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அறுவடைச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நின்றவளைத் தண்ணீர் கொடுத்து அனுப்பினால் அது இந்தப் பக்கத்தில் ஒரு வீடா? மாட்டில்டே தட்டைப் போட்டுவிட்டார். நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பியெரினோ எழுந்து, “சைக்கிளை வெயில்ல விடாதீங்கம்மா, டயர் வெடிச்சிரும்” என்று என் சைக்கிளை ஜாடியோடும் ஈக்களோடும் உருட்டிக்கொண்டு போனார். எங்கே என்று நான் பார்க்கவில்லை. என் கவனமெல்லாம் தட்டில் விழுந்த இறைச்சியிலும் அதன் மேல் ஊற்றிய பச்சைத் துவையலிலும் இருந்தது. குளிர்ச்சியான இடமாகப் பார்த்து விட்டிருக்கிறார் அந்த நல்ல மனிதர். அது நிலவறை. புது பார்பேரா ஒயின் மூன்று தொட்டிகளில் நுரை தள்ளிக்கொண்டிருந்த நிலவறை.

இரண்டாம் முறை பரிமாற வந்த மாட்டில்டே கரண்டியோடு அப்படியே நின்றார்.

“என்னங்க, என்ன வாசனை இது?”

“தொட்டி பொங்குதுல்ல, அதான்.”

“முப்பது வருஷமா தொட்டி பொங்குது எனக்குத் தெரியாதா? இது தொட்டி இல்ல.”

பியெரினோ மூக்கைத் தூக்கினார். பிறகு நாற்காலி விழுந்தது. அடுத்து நான் கண்டது, அந்தக் கனத்த மனிதர் நிலவறைக்குள்ளிருந்து என் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, தீப்பிடித்த வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் போல ஓடி வந்ததை. முற்றத்தைத் தாண்டி, கோழிகளைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த்தான் இறக்கினார். இந்தப் பயணத்திலேயே அந்தச் சைக்கிள் வேகமாகப் போனது அப்போதுதான். மாட்டில்டே கதவை அடைத்து, ஈரச் சாக்கால் ஈக்களை அடித்து, தரையைக் கழுவி, தொட்டி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். இந்த ஈ ஒன்று காலைக் கழுவாமல் போய்த் தொட்டியில் உட்கார்ந்தால், ஒரு வருட உழைப்பு சாலடில் ஊற்றத்தான் ஆகும் என்பதை எனக்குப் பியெரினோ மூச்சிரைக்கச் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நீங்க படிச்சவங்கதானேம்மா?”

“ஆமாங்க.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“இயற்பியல்.”

“அப்ப சரி” என்றார், குற்றத்தைக் குறைத்துப் பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்ட நீதிபதியைப் போல.

தொட்டி தப்பித்தது, கடவுள் காத்தார். அதற்குப் பிறகும் அவர்கள் என்னைப் பட்டினியாக அனுப்பவில்லை அக்கா. மிச்சச் சாப்பாட்டைச் சாலைக்கு அந்தப் பக்கம் என் ஜாடியோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். பழத்துண்டை மாட்டில்டே வேலிக்கு மேலாக நீட்டிய நீளமான கரண்டியில் கொடுத்தார்.

அதன்பின் நான் போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. பண்ணை வாசல்களில் கைகளைக் கட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கேட்டார், “நீங்கதானே அந்த வினிகரம்மா? தண்ணி வேணுமா? அங்கயே நில்லுங்க, தூக்கிப் போடறேன்.” போட்டார். பிடிக்கவில்லை. காலில் விழுந்தது. நேற்று தங்கிய விடுதியில் எனக்கு அறை கொடுத்தார்கள், ஜாடியைக் கொல்லைக்கோடியில் அத்திமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். காலையில் பார்த்தபோது அதன் மேல் துணி புதிதாக மாற்றிக் கட்டியிருந்தது. விடுதிக்காரர் வீட்டம்மாள்தான், “அதுவும் உசிர்தானே, பாவம்” என்றார். என்னைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை.

இனி நடந்ததுதான் நீ என்னை மன்னிக்க முடியாத பகுதி. சான் டெஃபெந்தே பக்கமே தலைகாட்டாமல் பள்ளத்துச் சாலை வழியாக நேரே உங்கள் ரோக்காவெர்னாவுக்கு வந்துவிடுவது என்பது என் திட்டம். அந்தச் சாலையில்தான் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் ஆலை இருக்கிறது. இன்று சனிக்கிழமை. எடை போடுவதற்காக டிராக்டர்கள் திராட்சையை மலைமலையாக ஏற்றிக்கொண்டு, இஞ்சினை அணைத்துவிட்டு, சாலையை அடைத்து வரிசையாக நின்றன. ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லை. அப்போது நான் வந்து சேர்ந்தேன்.

“ஜாடி யாருக்கும்மா?” என்றார் முதல் டிராக்டர்காரர். மரியாதையாகத்தான் கேட்டார், பழத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே.

“ஆராய்ச்சிக்கு.”

“என்ன ஆராய்ச்சி?”

“சரிவான பாதையில் திரவம் எப்படிச் சிந்துகிறது என்று.” இது முழுப் பொய்யும் அல்ல.

“இந்த ரோடு ரோக்காவெர்னாவுக்கு மட்டும்தானே போகுது. அங்க எவன் ஆராய்ச்சி பண்றான்?”

பின்னாலிருந்த டிராக்டரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். “அட, இந்த மூக்கைப் பாருங்கடா. இது ஒரெஸ்தே பொண்டாட்டி டெல்ஃபினாவோட மூக்கு. நீங்க அவங்க தங்கச்சிதானே?”

மூக்குக்கு மாறுவேடம் போட நான் மறந்துவிட்டேன் அக்கா.

“டெல்ஃபினாவுக்கு எதுக்குய்யா இது? கல்யாணத்துக்கே எர்மெலிந்தா அம்மா குடுத்தாங்களே.”

அவர்கள் யோசித்தார்கள். இஞ்சின் ஓடாத இடத்தில் மனிதர்கள் யோசிப்பது கேட்கும்.

“அப்ப அது போயிருச்சு.”

“போயிருச்சா?”

“போயிருச்சாம்பா.”

டிராக்டரிலிருந்து டிராக்டருக்கு அந்தச் சொல் வரிசையின் கடைசிவரை போனது. நடுவில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் எப்போது, எப்படி என்று கேட்டார். நான் அடுப்பு என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அவராகவே, “அடுப்புப் பக்கமா வெச்சிருப்பாங்க, எங்க வீட்லயும் அப்படித்தான் போச்சு” என்றார், நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

“எர்மெலிந்தா அம்மாவுக்குத் தெரியுமா?”

“இப்ப தெரிஞ்சிருக்கும்” என்றார் கடைசி ஆள், கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.

பழக்குவியலுக்கு நடுவே அந்த ஜாடியோடு என்னைப் போகவிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம். மிச்சமிருந்த ஒரே பாதை மேலே, நான் தவிர்க்க நினைத்த சான் டெஃபெந்தே வழியாக. தள்ளினேன், தள்ளினேன், கை இற்றுப்போகிறவரை தள்ளினேன். ஊர் எல்லை வந்ததும், தேவாலயத்து வாசல் பெஞ்சில் நாலுபேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தள்ளிக்கொண்டு நுழைவது கௌரவக் குறைவாகப் பட்டு, ஏறி உட்கார்ந்து மிதித்தேன். விழுவதற்கும் கொஞ்சம் வேகம் வேண்டும்போல. எனக்கு அதுகூட இல்லை. சைக்கிள் நின்றது, கொஞ்சம் யோசித்தது, சாய்ந்தது. நான் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டியும், டன்கிரேடியின் சைக்கிள் மணியும், இரண்டு நாளாகக் காப்பாற்றிவந்த கொஞ்சநஞ்ச மானமும்தான் போயின. பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்திருக்காமலே, “வினிகரம்மா வந்தாச்சு” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

இரீதே மட்டும்தான் என்னைக் கடைக்குள் விட்டார். “எனக்கு வர்ற ஒயினெல்லாம் பாட்டில்ல அடைச்சு வர்றது. உங்க ஈ என்னை ஒண்ணும் பண்ணாது. ஆனா வர்றவங்க வீட்ல தொட்டி இருக்கே தாயி, ஜாடி வெளிய இருக்கட்டும்” என்று அதை ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்தார். வகுப்பிலிருந்து வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி அது கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முட்டிக்கு மருந்து போட்டபடி இரீதே வெகு சாதாரணமாக, “சாயங்காலம் எர்மெலிந்தா அம்மா சீட்டாட இங்கதான் வருவாங்க, பார்த்துட்டுப் போங்களேன்” என்கிறார்.

பார்ப்பதாவது. அக்கா, நான் கிளம்புறேன். அவங்க வர்றதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கமா இறங்கிடுவேன், இறக்கந்தானே, சைக்கிள் தானா போகும், அடியில ரயில் இருக்கு. ஜாடியை இரீதேகிட்ட விட்டுட்டுப் போறேன், வேணும்னா ஆள் அனுப்பி எடுத்துக்கோ, இனிமே அதை எடுத்து என்ன பிரயோஜனம்னு எனக்குத் தெரியல, ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு உன் மாமியார் மாடி ஏறுறதுக்கு முன்னாடி நீயே முந்திக்கிட்டு உண்மையைச் சொல்லிடு. அழுதா நல்லது. உன்னால முடியலன்னா எல்லாத்தையும் என் தலையில போடு. நான்தான் கொன்னேன்னு சொல்லு. நான் அடுத்த அறுவடை வரைக்கும் உங்க பக்கம் வரப்போறதில்ல, இனி ஜன்மத்துக்கும் சைக்கிள் ஏறப்போறதும் இல்ல. அத்தான்கிட்ட, மாடிப்படியைப் பத்தி அவர் சொன்னது சரிதான்னு சொல்லிடு.

இந்தக் கடிதத்தை ரொட்டி வண்டிக்கார எவாஸியோ உன் வீட்டில் சேர்ப்பார். இன்னும் சற்று நேரத்தில் அவர் இந்த வழியாக உங்கள் மலைக்கு வருகிறாராம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அத்தானுக்கு என் அன்பு. உங்கள் தொட்டிகள் நன்றாகப் பொங்கட்டும், ஈ எதுவும் அண்டாமல் இருக்கட்டும். உன் மாமியாருக்கு, நாளைய நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு, எது பொருந்துமோ அதைச் சொல்லவும்.

என்றும் உன்,
கிளேலியா.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்துவிடாதே. அழாதே, உண்மையைச் சொல்லாதே, முக்கியமாக நான் கொன்றதாகச் சொல்லாதே.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் உன் மாமியார் கடை வாசலில் நிற்கிறார், கையில் அந்தக் கறுப்புப் பை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்துவைத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்தார், ஜாடியின் துணியை விலக்கினார், உள்ளே பார்த்தார், “ம்” என்றார். நீ சொல்லியிருக்கிறாய், நான் நேரில் கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“டெல்ஃபினாவோடது எப்போ போச்சு?”

“குளிர்காலத்துல, அத்தை.”

“என்னுது போய் வருஷக்கணக்காச்சு.”

பையைத் திறந்தார். உள்ளே ஒரு கரண்டியும், வாயில் துணி கட்டிய ஒரு காலி ஜாம் பாட்டிலும் இருந்தன.

“இடுப்பு ஆபரேஷனுக்குப் போயிட்டு வந்து பார்த்தா காஞ்சு கெடக்கு. யார்கிட்டப் போய்க் கேக்கறது? ஊருக்கெல்லாம் கிள்ளிக் குடுத்தவ நானு. கடையில வாங்கிப் பழைய பாட்டில்ல ஊத்தி வெச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு துண்டு எடுத்துக்கலாம்னுதான் ஒவ்வொரு அறுவடைக்கும் கரண்டியோட மாடி ஏறுறேன். மூடியைத் தெறந்ததும் உங்கக்கா முதுகுக்குப் பின்னாலயே வந்து நிப்பா. ஒரு நிமிஷம் கீழ போய் அடுப்பைப் பார்த்தா என்ன? மாட்டா. நானும் என்ன பண்றது, ‘ம்’னு சொல்லிட்டு இறங்கி வந்துருவேன்.”

பாட்டிலின் துணியை அவிழ்த்து என் பக்கம் நகர்த்தினார்.

“பாதியை இதுல போடு. டெல்ஃபினாவுக்கு இது தெரியக்கூடாது. மானம் போயிரும்.”

ஒயினோடு சேர்த்துப் பாதியை அதில் ஊற்றிக் கொடுத்து, சத்தியமும் செய்திருக்கிறேன். ஆகவே இந்தப் பின்குறிப்பை நீ படிக்கவில்லை. நாளை அவர் மாடி ஏறும்போது, வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் போய் நில். இல்லாவிட்டால் சந்தேகம் வரும். நீ இத்தனை வருடம் காவல் காத்ததில் அவருக்கு உன்மேல் மதிப்புத்தான். அதையும் நான் சொல்லவில்லை.

கடிதத்தை வாங்க வந்த எவாஸியோ அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “ரொட்டிக்குப் பக்கத்துல இதை வெக்க முடியாதுக்கா, வீட்ல தொட்டி தெறந்து கெடக்கு” என்கிறார். எனவே நான் வரவில்லை என்று எழுதிய இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். பள்ளத்தில் இறங்கி, உங்கள் ஏற்றம் முழுவதையும் தள்ளிக்கொண்டு வந்து, வாசலுக்கு முந்தைய வளைவில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். அதுவரை அத்தானை ஜன்னல் பக்கம் விடாதே.

கிளம்பும் முன் ஜாடியைக் கேரியரில் கட்டி, சைக்கிளோடு சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். தேவாலயத்துப் பக்கம் நல்ல ஏற்றம், கிணற்றுப் பக்கம் நல்ல இறக்கம். ஜாடியிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. பாதி ஜாடி சிந்தாது அக்கா. ஈஸ்டர் அன்றே நீ பாதி என்றுதான் சொன்னாய்.